“ஆமாண்ணா, கையில பட்டுச்சு”: அல்சூர் பக்கத்துச் சிறுவர் கால்பந்து மேட்ச் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்கோர் ஷீட்டில் அந்த அரையிறுதிக்கு நேராக “1-1, பெனால்டியில் 3-2” என்று மட்டும்தான் இருக்கிறது. எழுதியவன் நான். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது விழுந்த ஒரு கோல் ரத்தானதும், கோல் போட்ட பையனே உண்மையைச் சொல்லி அதை ரத்தாக்கியதும், அதற்குப் பிறகு பெரியவர்கள் அவனிடம் நடந்துகொண்ட விதமும் ஷீட்டில் ஏறவில்லை. ஏற்றுவதற்கு அதில் கட்டமும் கிடையாது. அதனால் இங்கே எழுதுகிறேன். பையன், அவன் அப்பா, கோச், போட்டி நடத்திய கமிட்டி என்று யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. பையனை ஒன்பதாம் நம்பர் என்றே சொல்கிறேன், அன்று அவன் போட்டிருந்த பனியனில் இருந்த எண் அது.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும். அல்சூர், கௌதமபுரம், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன் எல்லாம் பெங்களூரில் பழைய கண்டோன்மெண்டை, அதாவது பட்டாளக் குடியிருப்பை, ஒட்டிய தெருக்கள். மதராஸ் மாகாணத்திலிருந்து வெள்ளைக்காரன் பட்டாளத்தோடும், அதன் பின்னால் பிழைப்புத் தேடியும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். வெளியூர்க்காரர்களுக்குப் பெங்களூர் என்றால் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். இந்தத் தெருக்களில் பந்து என்றால் கால்பந்துதான். கௌதமபுரத்தில் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். பெலே சிலையைத் தாண்டித்தான் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகிறார்கள்.

இன்னொன்றும் தெரிய வேண்டும், பின்னால் அப்பாவைப் புரிந்துகொள்ள அது உதவும். போன தலைமுறையில் பந்து நன்றாக ஆடினால் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எம்.எல். போன்ற அரசு ஃபேக்டரிகளின் டீம்கள் கூப்பிட்டு வேலை கொடுத்தன. நிரந்தர வேலை, பி.எஃப்., கேன்டீன் சாப்பாடு. ஒரு நல்ல இடது காலால் மொத்தக் குடும்பமும் கரையேறிய கதை இங்கே தெருவுக்கு ஒன்றாவது கிடைக்கும்.

சரி, அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான நாக்-அவுட் போட்டி. அணிக்கு ஏழு பேர், பாதிக்கு 15 நிமிடம், நாலாம் நம்பர் பந்து. புல் இல்லாத செம்மண் கிரவுண்டு. காலையில் தண்ணீர் தெளித்திருந்தார்கள், பதினொரு மணிக்கெல்லாம் காய்ந்து தூசு கிளம்பிவிட்டது. ரெஃப்ரி பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிற 19 வயதுப் பையன். காலையிலிருந்து அது அவனுக்கு ஐந்தாவது மேட்ச். லைன் ரெஃப்ரி கிடையாது. பெற்றோர்கள் நாலு பக்கமும் கோட்டை ஒட்டி நின்றார்கள். சிலர் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று எதிரணி கோல்கீப்பர் பையனிடம், “டேய், விட்டுடுவ பாரு, விட்டுடுவ பாரு” என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கீப்பருக்கு மிஞ்சினால் பத்து வயது இருக்கும்.

ஸ்கோர் 1-1. கார்னர் வந்தது. ஏழெட்டுப் பிள்ளைகள் ஒரே இடத்தில் குதித்தார்கள், பந்து யாரோ ஒருவர் மேல் பட்டு உள்ளே போனது. ரெஃப்ரிக்கு முன்னால் மூன்று பேர் மறைத்து நின்றதால் அவனுக்குத் தெரியவில்லை. கோல் என்று விசில் ஊதினான். எங்கள் பக்கம் ஒரே ஆரவாரம். கீப்பர் பையன் அழுதுகொண்டே “ஹேண்ட் சார், ஹேண்ட்!” என்று ஓடிவந்தான். அவனுக்கு முன்னால் அவன் கோச் உள்ளே வந்துவிட்டார். அவரைப் பார்த்து எங்கள் கோச்சும் உள்ளே வந்தார். நடுவில் அந்தக் காலேஜ் பையன்.

அவன் ஒன்பதாம் நம்பரைப் பார்த்துக் கேட்டான், “தம்பி, கையில பட்டுச்சா?”

பையன் யோசிக்கக்கூட இல்லை. வலது முன்கையைத் தூக்கித் திருப்பிக் காட்டினான். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, பந்தின் தையல் வரி தெரிய, செம்மண் வட்டமாக அப்பியிருந்தது. “ஆமாண்ணா, இங்க பட்டுச்சு.”

கோல் ரத்து. அடுத்த நான்கு நிமிடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். எதிரணிப் பெற்றோர்கள் கைதட்டினார்கள், கோல் போனதற்காக. எங்கள் பக்கம் கோட்டருகே நின்ற அவன் அப்பா, “லூசாடா நீ? உன்ன யாரு கேட்டாங்க?” என்று கத்தினார். கிரவுண்டு முழுக்கக் கேட்டது. யாரோ ஒருவர் சிரித்தார். பந்து அடுத்து வெளியே போனதும் கோச் மாற்று ஆட்டக்காரரைக் கேட்டு ஒன்பதாம் நம்பரை வெளியே எடுத்தார். அவன் பெஞ்சில் உட்கார்ந்து, கட்டை விரலில் எச்சில் தொட்டு அந்தச் செம்மண் வட்டத்தைத் தேய்க்க ஆரம்பித்தான். அது போகும்வரை தேய்த்தான். நான் ஸ்கோர் டேபிளில் பத்தடி தூரத்தில் இருந்தேன். எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

பெனால்டியில் தோற்றோம். எதிரணிக் கீப்பர் பையன் கொண்டாட்டத்திலிருந்து பிரிந்து நம் பெஞ்சுக்கு வந்து, ஒன்றும் சொல்லத் தெரியாமல், கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை ஒன்பதாம் நம்பரிடம் நீட்டினான். அவன் வாங்கி இரண்டு வாய் குடித்தான். அதற்குள் அவர்கள் கோச், “டேய், போட்டோக்கு வாடா!” என்று கூப்பிட்டுவிட்டார். பையன் பாட்டிலை விட்டுவிட்டு ஓடினான்.

விதியும் அந்த முடிவும்

முதலில் ரெஃப்ரி விஷயம். அவன் முடிவு சரி. தெரியாமல் பட்டிருந்தாலும், கையில் பட்ட பந்து நேராகக் கோலுக்குள் போனால் அது கோல் கிடையாது; 2019-20 சீசனிலிருந்து கால்பந்து விதி இப்படித்தான் இருக்கிறது. எதிரணிக்கு ஃப்ரீ கிக் தர வேண்டும், தந்தான். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் ரெஃப்ரி முடிவை மாற்ற முடியாது. நடுவிலிருந்து கிக்-ஆஃப் எடுக்கும் முன்பே கேட்டதால் மாற்ற முடிந்தது. அந்த நெருக்கடியில் அவ்வளவும் சரியாகச் செய்தான்.

ஆனால் பதினோரு வயதுப் பிள்ளையிடம், இரண்டு கோச்சுகளும் ஐம்பது பெற்றோர்களும் பார்க்க, அந்தக் கேள்வியைக் கேட்கலாமா? கமிட்டியில் இது பெரிய வாக்குவாதமாகவே ஆனது. ரெஃப்ரி தானே பார்த்து முடிவெடுக்க வேண்டும், பார்க்கவில்லை என்றால் கோல்தான், பிள்ளை தலையில் பாரத்தை ஏற்றக் கூடாது என்றார்கள் சிலர். நான் இதை ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டதில் தப்பில்லை. பதில் வந்த பிறகு பையனைத் தனியாக விட்டதுதான் தப்பு. “இந்தப் பையன் உண்மையைச் சொன்னான், அதனால் கோல் இல்லை” என்று சத்தமாக ஒரு வார்த்தை சொல்லி, அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் அங்கே நின்ற பாதிப் பேராவது கத்தவந்த வாயை மூடியிருப்பார்கள். 19 வயதில் அவனுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் நாங்கள்.

பெரிய ஆட்டங்களிலும் இது நடந்திருக்கிறது. 2012 செப்டம்பரில் இத்தாலி லீகில் நாப்போலி அணிக்கு எதிரான மேட்சில் லாட்சியோ அணியின் மிரோஸ்லாவ் குளோஸே கையால் தட்டிவிட்ட பந்து கோலானது. ரெஃப்ரி கோல் கொடுத்துவிட்டார். குளோஸே அவரிடம் போய், கையில் பட்டது என்று தானாகவே சொன்னார். கோல் ரத்து, கடைசியில் லாட்சியோ 3-0 என்று தோற்றது. எதிரணி ஆட்டக்காரர்கள் அங்கேயே வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். குளோஸேவுக்கு அப்போது 34 வயது. நம் பையனுக்குப் பதினொன்று.

கோச்

கோச்சோடு மறுவாரம் டீக்கடையில் அரை மணி நேரம் பேசினேன். அவர் கெட்டவர் இல்லை. காசில்லாத பிள்ளைகளிடம் ஃபீஸ் வாங்காமலே சொல்லித்தருகிறவர். “பெனால்டி வரப்போவுது, பையன் டென்ஷன்ல இருக்கான், அதான் எடுத்தேன்” என்றார் முதலில். கொஞ்ச நேரம் கழித்து அவரே, “கோபமும் இருந்துச்சு சார், பொய் சொல்ல மாட்டேன்” என்றார். கப் ஜெயித்தால்தான் அடுத்த வருஷம் புதிதாகப் பிள்ளைகள் சேர்கிறார்கள், பக்கத்து அகாடமி டர்ஃப், அதாவது செயற்கைப் புல் கிரவுண்டு, வைத்திருக்கிறது, தன்னிடம் செம்மண் கிரவுண்டுதான் என்றும் சொன்னார்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பெனால்டி ஷூட்-அவுட்டில், ஆட்டம் முடியும்போது களத்தில் இருப்பவர்கள்தான் உதைக்கலாம். அந்த அணியில் எப்போதும் பெனால்டி எடுப்பவன் ஒன்பதாம் நம்பர்தான். அவனை வெளியே எடுத்ததால் அவனால் உதைக்க முடியவில்லை. ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். இதை நான் சொன்னபோது கோச் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பையனின் வாய் தோற்கடித்தது என்றுதான் ஒரு வாரமாக எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கோச் நடத்தைக்கும் பிள்ளைகள் ஆட்டத்தை விடுவதற்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்மோல், ஸ்மித் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1970களிலிருந்து ஆராய்ந்திருக்கிறார்கள். சிறுவர் பேஸ்பால் கோச்சுகள் சிலருக்குச் சில மணி நேரப் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள்: நல்ல முயற்சியைப் பார்த்தால் உடனே பாராட்டு, தப்பு செய்தால் தைரியம் சொல்லித் திருத்து, தண்டிக்காதே. 1992இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற கோச்சுகளிடம் ஆடிய பிள்ளைகளில் அடுத்த சீசனுக்கு வராமல் நின்றவர்கள் 5 சதவீதம், மற்ற கோச்சுகளிடம் 26 சதவீதம். வெற்றி தோல்விக் கணக்கில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. அதாவது கத்தாத கோச்சுகள் அதனால் கூடுதலாகத் தோற்கவும் இல்லை.

ஒன்பதாம் நம்பர் மூன்று வாரம் பிராக்டிஸுக்கு வரவில்லை.

அப்பா

அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அவருடைய அப்பா, அதாவது பையனின் தாத்தா, பந்து ஆடித்தான் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தார். இவரும் ஆடினார், முழங்கால் போனது, வேலை கிடைக்கவில்லை. மகன் ஆடுவதைப் பார்க்கும்போது அவர் பார்ப்பது வெறும் மேட்ச் இல்லை. 2023 மார்ச்சில், 54 ஆண்டுக்குப் பிறகு, கர்நாடகா, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராஃபி கால்பந்துக் கோப்பையை ஜெயித்த செய்தி வந்த பேப்பரை மடித்து ஆட்டோவில் வைத்திருந்தவர் அவர். இவ்வளவு தெரிந்த பிறகும் அன்று அவர் செய்தது தப்புதான் என்பேன். ஆனால் “பெற்றோர்களே, அமைதியாக இருங்கள்” என்று ஒரு பேனர் கட்டினால் இந்த ஆசை அடங்கிவிடும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

“ஜெயிக்கிறவனத்தான் சார் ஊரு பேசும்” என்றார் என்னிடம். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கதையை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். 1980 பிப்ரவரி, மும்பை வாங்கடே ஸ்டேடியம், கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழா டெஸ்ட். இந்திய கேப்டன் ஜி.ஆர். விஸ்வநாத். இங்கிலாந்து ஐந்து விக்கெட் இழந்து தடுமாறிக்கொண்டிருக்கும்போது பாப் டெய்லருக்குக் கீப்பர் கேட்ச் என்று அம்பயர் அவுட் கொடுத்தார். பந்து மட்டையில் படவில்லை என்று தெரிந்த விஸ்வநாத், அம்பயரிடம் பேசி டெய்லரைத் திரும்ப ஆடவைத்தார். டெய்லரும் போத்தமும் ஆறாவது விக்கெட்டுக்கு 171 ரன் சேர்த்தார்கள். இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அந்த மேட்சில் போத்தம் சதம் போட்டு 13 விக்கெட் எடுத்தார், சாதாரண விஷயமா அது? ஆனால் என் மாமா அந்த டெஸ்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் சொல்வது விஷி, அதாவது விஸ்வநாத், டெய்லரைக் கூப்பிட்டதைத்தான். அப்பா பதில் பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

பையனிடமும் பேசினேன், அவன் அம்மா பக்கத்தில் இருக்கும்போது. அவனுக்கு ஒரே கேள்விதான். “ரெஃப்ரி அண்ணா கேட்டாரு, நான் சொன்னேன். அதுக்கு ஏன் அங்கிள் எல்லாரும் கத்துனாங்க?” தான் செய்தது நல்லது என்றோ கெட்டது என்றோ அவன் நினைத்திருக்கவே இல்லை. கேட்டார்கள், சொன்னான்.

அடுத்த போட்டியில் செய்தது

நார்வே நாட்டில் சிறுவர் விளையாட்டுக்குத் தனி விதிமுறை இருக்கிறது. பிள்ளைக்குப் 11 வயது ஆகும் ஆண்டு வரை பாயிண்ட்ஸ் டேபிள், ரேங்க் பட்டியல் எதுவும் போடக் கூடாது, 13 வரை தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. இதைக் கமிட்டியில் படித்துக் காட்டினேன். கப் இல்லாமல் இங்கே யார் வருவார்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதும் உண்மைதான், அதனால் நம்மால் முடிந்ததை எடுத்துக்கொண்டோம்.

இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் 2008இல் தொடங்கிய மரியாதை இயக்கத்திலிருந்து கயிறு யோசனை வந்தது. கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி ஒரு பக்கம் மட்டும் கயிறு கட்டி, பெற்றோர்கள் அதற்குப் பின்னால், அணிகள் எதிர்ப்பக்கம், கோல் போஸ்டுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. சொல்லும்போது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் எல்லாவற்றையும்விட அதிகம் வேலை செய்தது இதுதான். அப்பாவின் குரல் கோச்சின் குரலுக்குள் கலக்காது. பிள்ளை திரும்பிப் பார்த்தால் முதலில் தெரிவது அப்பா முகமாக இருக்காது.

கோச்சுகளுக்கு மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம் என்பது 2019இலிருந்தே விதியில் இருக்கிறது. பெஞ்சில் யார் கத்தினார்கள் என்று தெரியாவிட்டால் அங்கிருக்கும் தலைமைக் கோச்சுக்கு அட்டை. எங்கள் பக்கம் யாரும் இதைச் செய்து பார்த்ததே இல்லை. முதல் நாளே இரண்டு கோச்சுகள் மஞ்சள் வாங்கினார்கள். ஒரு அணி கோபித்துக்கொண்டு பாதியில் போய்விட்டது. அந்தப் பிள்ளைகளுக்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன், முன்கூட்டியே கோச்சுகளை உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். ரெஃப்ரி பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவரை நிற்கவைத்தோம். பிள்ளையிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டுக் கேட்பது, உண்மை சொன்ன பிள்ளையை எல்லோருக்கும் கேட்கும்படி பாராட்டுவது என்று முடிவு செய்தோம்.

கயிற்றுப் பக்கம் காவலுக்கு ஆள் தேடினோம். ஆம்பளைகள் யாரும் சம்மதிக்கவில்லை, சண்டை வரும் என்றார்கள். பேரன் ஆடுவதைப் பார்க்க வருகிற, மார்க்கெட்டில் பூ விற்கும் ஒரு ஆயா ஒத்துக்கொண்டார். பிராக்டிஸில் பனியனுக்கு மேல் போடுகிற ஆரஞ்சு கலர் பிப் ஒன்றைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். யாராவது எழுந்து கத்தினால், “ஏம்ப்பா, ஆடுறது உம் புள்ளயா நீயா? உக்காரு” என்பார். அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு பேச யாருக்கும் வாய் வரவில்லை. கமர்கட்டு வாங்கிக் கொடுக்கச் சொன்னதும் அவர்தான். வாயில் ஒரு கமர்கட்டைப் போட்டால் அது கரையும் வரை சத்தம் போட முடியாது என்பது அவர் கணக்கு. ஒரு பெரிய பை நிறைய வாங்கி மேட்சுக்கு முன்னால் கயிற்றோரம் எல்லோருக்கும் கொடுத்தோம்.

கால் இறுதியில் முதல் பத்து நிமிடம் கயிற்றுப் பக்கம் நிஜமாகவே அமைதி. அப்போதுதான் பிள்ளைகளின் குரல் கேட்டது. “டேய், பின்னாடி ஆள்!” “நான் இருக்கேன், விடு!” “சாரி மச்சா, என் தப்பு.” இத்தனை வருஷம் ஸ்கோர் டேபிளில் உட்கார்ந்து எனக்கு இது கேட்டதே இல்லை. பிள்ளைகள் ஆட்டத்தைத் தாங்களே நடத்திக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. இறுதிப் போட்டியில் கயிற்றை இரண்டு முறை தள்ளிக்கொண்டு கோடு வரைக்கும் வந்துவிட்டார்கள். ஒரு அம்மா ரெஃப்ரியை வீடியோ எடுத்து மிரட்டினார். வயது குறைத்து ஆடவைத்த புகார் ஒன்று வந்தது, அதைப் பேச இன்னொரு கட்டுரை வேண்டும்.

ஒன்பதாம் நம்பர் திரும்பி வந்திருந்தான். அவன் அப்பாவும் வந்திருந்தார், கயிற்றுக்குப் பின்னால், கன்னத்தில் கமர்கட்டு புடைத்திருக்க. மேட்ச் முடிந்து நான் ஷீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது டேபிள் பக்கம் வந்து நின்றார். அன்றைக்கு நடந்ததைப் பற்றி மகனிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை என்றார். “பேசணும் சார். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. சாரின்னு சொன்னா அவனுக்கே ஒரு மாதிரி இருக்கும்.”

“நீ கைய தூக்கிக் காட்டினத நான் பாத்தேன்டான்னு மட்டும் சொல்லுங்க, போதும்” என்றேன்.

அவர் அதை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பையன் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அப்பா போய் அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அவன் முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார்.